பலகை பழுக்கும் காலம்

எங்கள் வீட்டு மச்சின் மரத்தளத்துக்கு யாரும் நிறம் தேர்ந்தெடுக்கவில்லை. 1938-இல் தாத்தா வீடு கட்டியபோது தேர்ந்தெடுத்தது மரத்தை மட்டும்தான். தோட்டத்தின் கிழக்கு மூலையில் காய்ப்பு நின்றுபோன ஒரு பிலா, குளத்தங்கரையில் நின்ற இரண்டு அயனி. பலாவை எங்கள் பக்கத்தில் பிலா என்போம். அயனியை ஆஞ்சிலி என்று சொல்பவர்களும் உண்டு. அறுத்த அன்று பிலாப் பலகை எலுமிச்சைத் தோலின் மஞ்சளில் இருந்ததாம். முதல் சில ஆண்டுகள் ஈரத்துணியால் துடைத்தால் துணியிலும் அந்த மஞ்சள் ஏறியதாம். ஆச்சி தன் மருமகளான என் அம்மாவிடம் சொன்னது இது. நான் அந்தப் பலகையில் தவழ்ந்தபோது அது தேன் நிறத்துக்கு வந்திருந்தது. இன்று அது நெடுநாள் புழங்கிய செப்புக் குடத்தின் நிறத்தில் இருக்கிறது.

தக்கலைக்கு அருகே உள்ள அந்த வீட்டைப் பழுதுபார்க்கத் தொடங்கியபோது நாகர்கோவிலில் ஒரு கடைக்குப் போனேன். கண்ணாடி மேசைமேல் உள்ளங்கை அகலத்தில் முப்பது துண்டுகளைப் பரப்பி வைத்தார்கள். ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சீட்டு: ஹனி ஓக், கோல்டன் டீக், செர்ரி, வால்நட். "அக்காவுக்கு வார்ம் டோன் வேணுமா, கூல் டோன் வேணுமா?" என்று கேட்டார் கடைத் தம்பி. மஞ்சளும் சிவப்பும் ஓடுபவை முதல் வகை. சாம்பலும் வெளிறலும் கலந்தவை இரண்டாம் வகை. முதல் வகையைக் கேட்டேன். துண்டுகள் முப்பதிலிருந்து பதினொன்றாகக் குறைந்தன. அதற்குப் பிறகுதான் அவர் அடுத்த கேள்விக்கு வந்தார்: இதே நிறம் முழு மரத்தில் வேண்டுமா, மேலே மட்டும் மரம் ஒட்டியதிலா, லேமினேட்டிலா, எஸ்.பி.சி.யிலா, டைல்ஸிலா?

அந்தக் கேள்விகளின் வரிசை வீடு திரும்பும்வரை மனத்தில் நின்றது. தாத்தாவின் காலத்தில் மரம் முதலில் வந்தது. நிறம் தன் போக்கில், பல ஆண்டுகள் எடுத்துக்கொண்டு, பின்னால் வந்து சேர்ந்தது. இன்று நிறம் முதலில் வருகிறது. அதைச் சுமக்கப்போவது மரமா, தாளா, கல்மாவா, சுட்ட மண்ணா என்பது இரண்டாவதாகிவிட்டது.

மரத்தளம் என்றால் தமிழ்நாட்டில் பலருக்கு மலைவாச பங்களாக்கள்தான் நினைவுக்கு வரும். கன்னியாகுமரி மாவட்டத்தில் அது சமவெளி வீடுகளிலும் இருந்தது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டையும் வாங்கும் மண் இது. வீட்டைச் சுற்றிலும் மரம் நின்றது. மரவேலை தெரிந்த கைகள் ஊருக்கு ஊர் இருந்தன. அந்த வேலையின் உச்சத்தைப் பார்க்கவேண்டுமானால் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போகலாம். 1750-ஆம் ஆண்டையொட்டித் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா எழுப்பிய நான்கடுக்கு உப்பரிகை மாளிகை அங்கே இருக்கிறது. அதற்கும் முந்தைய தாய்க் கொட்டாரத்தில், ஒற்றைப் பிலா மரத்தில் செதுக்கிய தூண் ஒன்று நிற்கிறது.

அரண்மனைக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போகவேண்டும் என்பதை எல்லோரும் மரியாதைக்கான விதியாக நினைக்கிறார்கள். எனக்கு அது ஒரு பாடமாகவும் அமைந்தது. கீழே நவராத்திரி மண்டபத்தின் கறுத்த, முகம் தெரியும் தளம் உள்ளங்காலைக் குளிர வைக்கும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்துச் செய்தது என்று அதைப் பற்றிச் சொல்வார்கள். படியேறி மேல்தட்டின் பலகையில் கால் வைத்தால் அந்தக் குளிர் இல்லை. மரம் வெப்பத்தை மெல்லத்தான் கடத்தும். காலின் சூட்டை அது பிடுங்கிக்கொள்வதில்லை. கடைத் தம்பி 'வார்ம்' என்று சொன்ன சொல்லுக்குக் கண்ணுக்கு மட்டுமல்லாமல் காலுக்கும் ஒரு பொருள் இருக்கிறது. பழைய தளத்தில் இரண்டும் ஒன்றாகவே இருந்தன. இப்போது அவற்றைத் தனித்தனியாக வாங்க முடிகிறது. மரக்கோடு அச்சிட்ட டைல்ஸில் தேக்கின் நிறம் அப்படியே இருக்கிறது. கார்த்திகை மாத விடியலில் கால் வைத்தால் கல்லின் குளிரும் அப்படியே இருக்கிறது.

எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளுக்கு ஏன் இந்த மஞ்சள்-செந்நிறம் வாய்த்தது என்பதற்கு ஓரளவு அரசியல் காரணமும் உண்டு. திருவிதாங்கூர் ஆட்சியில் தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் ஆகியவை அரச மரங்கள். தனியார் தோட்டத்தில் முளைத்து வளர்ந்தாலும் அவை அரசுக்கே உரியவை. சாதாரணக் குடும்பம் ஒன்று தன் கொல்லையில் தயங்காமல் கோடாலி வைக்கக்கூடியவை பிலாவும் அயனியும் புன்னையும் வேம்பும்தான். பிலா தேக்குக்குச் சளைத்த மரமல்ல. கரையான் அதை எளிதில் தொடாது. நல்ல வைரம் கொண்டது. வீணை செய்ய அதைத்தான் தேடுவார்கள். அதன் வைரத்தைச் சீவிக் காய்ச்சி இறக்கிய சாயத்தில்தான் இலங்கையிலும் பர்மாவிலும் புத்த பிக்குகள் தங்கள் ஆடையைத் தோய்த்தார்கள். ஆனாலும் சட்டம் விட்டுவைத்த மரங்கள் எந்த நிறத்துக்குப் பழுத்தனவோ, அந்த நிறமே ஒரு வட்டாரத்து வீடுகளின் நிறமானது. 1956 நவம்பர் 1-ஆம் தேதி இந்தப் பகுதி திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எங்கள் மச்சுப் பலகைகளுக்கு 18 வயது.

அந்தப் பலகைகள் எப்படி வந்தன என்பதை அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். தேய்பிறை பார்த்து மரத்தை வெட்டினார்கள். தடிகளைக் குளத்தில் தள்ளி ஒரு மழைக்காலம் முழுக்க ஊறவிட்டார்கள். மரத்திலுள்ள சாறு நீரில் கரைந்து போனால் பூச்சி வராது, பலகையும் பிறகு அதிகம் வளையாது. பின்னர் கரையேற்றி, உயரமான சட்டத்தில் ஏற்றி, கரியில் தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போட்டார்கள். மேலே ஒருவர், கீழே ஒருவர் நின்று ஈர்வாளால் அறுத்தார்கள். கீழே நிற்பவரின் தலையிலும் தோளிலும் நாள் முழுக்க மஞ்சள் தூள் கொட்டும். ஒரு நாளைக்கு எத்தனை பலகை என்பது மரத்தின் வைரத்தையும் ஆட்களின் மூச்சையும் பொறுத்தது. அறுத்த பலகைகளை இறவாரத்தின் நிழலில் இடைக்கட்டை வைத்து அடுக்கி இன்னும் சில மாதம் காயவிட்டார்கள். இழைப்புளி ஓட்டிய பிறகு, மேற்பரப்பை மழுக்கியது உப்புத்தாளால் அல்ல. சொரசொரப்பான பராய் இலையால்.

அளவுகளும் வேறு. அன்று தச்சரின் கையில் இருந்தது கோல்; ஒரு கோலுக்கு 24 விரல்; இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். எங்கள் மச்சில் ஒவ்வொரு பலகையும் 10 விரல் அகலம், அதாவது சுமார் 30 சென்டிமீட்டர். கனம் ஒன்றேகால் அங்குலம். மொத்தம் 46 பலகைகள். இன்று கடையில் முழுமரத் தளம் என்று காட்டியவை 9 முதல் 12 சென்டிமீட்டர் அகலம், 18 மில்லிமீட்டர் கனம். மேலே மட்டும் மரம் ஒட்டியது 14 மில்லிமீட்டர். அதில் தேக்கு என்பது மேலுள்ள 3 அல்லது 4 மில்லிமீட்டர், மீதி ஒட்டுப்பலகை. லேமினேட்டில் மேலே தெரிவது மரத்தின் படம் அச்சிட்ட தாள். அதன்மேல் கண்ணாடி போன்ற ஒரு பிசின் பூச்சு, கீழே அழுத்திய மரநார்ப் பலகை. 1977-இல் ஸ்வீடனில் இதைக் கண்டுபிடித்தார்கள். கடையில் விரித்துக் காட்டிய மாதிரித் தளத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் இருந்த ஒரு கணு ஏழாவது வரிசையிலும் இருந்தது. அதே சுழி, அதே வெடிப்பு, பக்கத்தில் அதே சிறு கீறல்.

அந்தக் கணுவைப் பார்த்தபோது எங்கள் மச்சில் ஜன்னலோரம் உள்ள ஒரு பலகை நினைவுக்கு வந்தது. அதில் முட்டை வடிவத்தில் ஒரு கணு. நானும் தம்பியும் அதைக் குளம் என்று வைத்துக்கொண்டு புளியங்கொட்டைகளை அதைச் சுற்றி மேயவிட்டு விளையாடுவோம். அது அந்தப் பிலாவின் ஒரு கிளை புறப்பட்ட இடம் என்று வெகுநாள் கழித்துத் தெரிந்தது.

இனி மரம் வரும் வழியைப் பார்ப்போம். அன்று தோட்டத்திலிருந்து முற்றத்துக்கு நூறு அடி. இன்று தேக்கு வேண்டுமானால் செங்கோட்டைக்குப் போகச் சொல்கிறார்கள். அங்குள்ள அறுப்பு ஆலைகளுக்குத் தடிகள் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வருகின்றன. கானா, பிரேசில், ஈக்வடார் என்று ஆசாரிகள் மரத்தின் ஊரைப் பிழையில்லாமல் சொல்கிறார்கள். இது இப்படி ஆனதற்கு இரண்டு தேதிகள் முக்கியம். கூடலூர்க் காடுகள் வெட்டப்படுவதை எதிர்த்து நிலம்பூர் கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 12-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஓர் ஆணையிட்டது. ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாமல் நாட்டின் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக்கூடாது என்றானது. பிறகு 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் தன் காட்டுத் தேக்கைத் தடியாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. தலைமுறைகளாகத் தமிழ்நாட்டுக் கதவுகளுக்கும் தூண்களுக்கும் வந்துகொண்டிருந்த பர்மாத் தேக்கு அதோடு அரிதாயிற்று.

இதில் எனக்கு வருத்தம் இல்லை என்பதைச் சொல்லிவிட வேண்டும். ஒரு காட்டுத் தேக்கு நல்ல வைரம் பாய 80, 100 ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும். அப்படி நின்றவற்றை நம் முன்னோர் தலைமுறைகள் வெட்டித் தீர்த்தன. அந்தப் பலகைகளின் அழகைப் பற்றி எழுதும்போது அந்தக் கணக்கை மறைக்கக் கூடாது. இன்று வருவது தோட்டத்தில் நட்டு 20, 25 ஆண்டுகளில் வெட்டிய தேக்கு. வளையங்கள் அகலமானவை, ஓரங்களில் வெளிறு அதிகம். வெளிறு உள்ள பலகையும் வைரம் உள்ள பலகையும் பக்கத்தில் கிடந்தால் வெள்ளையும் பொன்னுமாகத் தளம் திட்டுத்திட்டாகத் தெரியும். அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சாயம் ஏற்றி விற்கிறார்கள். 'கோல்டன் டீக்' என்ற சீட்டுக்குத் தேவை வந்தது இப்படித்தான். முற்றிய தேக்குக்கு அந்தப் பெயர் வேண்டியிருக்கவில்லை.

ரப்பர் மரத்தின் கதை இன்னும் நல்லது. இந்த மாவட்டத்து மலையடிவாரம் முழுக்க ரப்பர். என் சிறு வயதில் பால் வற்றிய ரப்பர் மரத்துக்கு விறகடுப்பும் சாமான் கட்டும் பெட்டியும்தான் கதி. வெட்டிய சில நாட்களில் நீலம் பூத்து, வண்டு துளைத்துவிடும். இன்று வெட்டிய உடனே போரான் உப்புக் கரைசலை அழுத்தத்தில் செலுத்தி, சூளையில் உலர்த்தி, சிறு துண்டுகளை விரல் கோத்தாற்போல இணைத்து அகலப் பலகையாக்குகிறார்கள். 25, 30 ஆண்டுகள் பால் கொடுத்துவிட்டு எப்படியும் வெட்டப்பட வேண்டிய மரம் தளமாகவும் மேசையாகவும் இன்னொரு வாழ்வு பெறுகிறது. அதன் இயல்பு நிறம் பால்வெள்ளை. அதற்கும் தேன் நிறச் சாயம்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் அது மரம். காலுக்கு மரமாகவே தெரிகிறது. கடையில் நான் செருப்பைக் கழற்றி நின்று பார்த்த துண்டுகளில் இதன்மேல்தான் சற்று அதிக நேரம் நின்றேன்.

பழைய தளத்துக்கும் புதியதற்கும் உள்ள பெரிய வேறுபாடு பார்வைக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அன்று மரத்தளம் என்றாலே அது மச்சில் இருந்தது. உத்தரங்களின் மேல், அந்தரத்தில். தரைத்தளத்தில் யாரும் மரம் போடவில்லை. அங்கே சாணி மெழுகிய மண், பிறகு சிவப்புச் சாயம் கலந்த சிமென்ட். பலகைக்கு மேலும் காற்று, கீழும் காற்று. மழையில் அது உப்பும், மாசியில் சுருங்கும். அந்த அசைவுக்கு இடம் விட்டே பூட்டியிருந்தார்கள். கோடையில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஒரு அரைக்கால் அங்குல இடைவெளி திறக்கும். மச்சில் படுத்துக்கொண்டு அந்த இடைவெளி வழியே கீழே அடுக்களையில் ஆச்சி விளக்கைத் தூண்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஐப்பசியில் அந்த இடைவெளி மூடிக்கொள்ளும்.

இன்றைய மரத்தளம் கான்கிரீட்டின் மேல் கிடக்கிறது. நடுவே ஒரு மெல்லிய நுரைத்தாள். காற்று மேலிருந்து மட்டும். சுவரோரம் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதை ஒரு பட்டைச் சட்டத்தால் மறைக்கிறார்கள். ஒரு அறையின் தளம் முழுவதும் ஒரே தட்டாகச் சேர்ந்து விரிந்து சுருங்க அதுதான் இடம். தரையில் ஈரம் இருந்தால் பலகை ஓரங்களில் நிமிர்ந்து கிண்ணமாகும். அதனால் ஈரம் அளக்கும் கருவியை வைத்து முதலில் சிமென்ட்டையும் பிறகு மரத்தையும் பார்க்கிறார்கள். தாத்தாவின் ஆசாரி பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பாராம். கருவியின் எண்ணை நான் நம்புகிறேன். அது சொல்லும் 12 விழுக்காட்டை என் கன்னம் ஒருபோதும் சொல்லாது.

வேகத்தையும் இழிவாகச் சொல்ல எனக்கு மனமில்லை. வெட்டியதிலிருந்து பூட்டியது வரை எங்கள் மச்சுக்கு ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு ஆயிற்று. ஒரு அறைக்கு லேமினேட் போட இரண்டு ஆட்களுக்கு ஒரு பகல் போதும். ஆணி இல்லை, பசை இல்லை. ஒன்றின் நாக்கை இன்னொன்றின் காடியில் சாய்த்து அழுத்தினால் ஒரு சொடுக்குச் சத்தம், அவ்வளவுதான். வாடகை வீட்டில் இருப்பவர் கழற்றி எடுத்துப்போகலாம். சொந்தத் தோட்டமும் குளமும் அறுப்பாளும் இருந்தவர்களுக்கு மட்டும் வாய்த்த ஒன்று, இன்று மாதத் தவணை கட்டுபவருக்கும் கிடைக்கிறது. அந்த நாட்களில் எங்கள் ஊரில் மரமச்சு இருந்த வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறுத்தவர்கள் வீட்டில் அது இல்லை.

அம்மாவுக்கு இந்தக் கணக்கில் வேறொரு பக்கம் உண்டு. வெள்ளிக்கிழமைதோறும் மச்சைத் துடைப்பது அவள் வேலை. தண்ணீர் ஊற்றக்கூடாது, இடைவெளி வழியே கீழே சொட்டும். துணியை இறுகப் பிழிந்து, முட்டிபோட்டு, பலகையின் ஓட்டத்தோடு 46 பலகைகளையும் தேய்க்கவேண்டும். 1962-இல் மருமகளாக வந்தவள் முழங்கால் அனுமதித்தவரை செய்தாள். மேலே யாராவது நடந்தால் அடுக்களையில் குழம்புக்குள் தூசி விழும். இரவில் பலகை முனகும். அதனால் பிள்ளைகள் தூங்கியபின் நடக்க அவள் எந்தப் பலகை சத்தம் போடும், எது போடாது என்று மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். அந்தத் தளத்தின் செந்நிறத்தில் அவள் துணியின் பங்கு எவ்வளவு என்று அளக்கும் கருவி இல்லை.

கீழே அவள் படுக்கும் அறையில் சிவப்புச் சிமென்ட் வெடித்து, மழைக்காலத்தில் ஈரம் கசிந்து வழுக்கியது. அங்கே எஸ்.பி.சி. போட்டோம். கல்மாவும் பி.வி.சி.யும் சேர்த்து அழுத்திய பலகை. அடியில் மெத்து ஒட்டியது. தண்ணீர் கொட்டினாலும் ஒன்றும் ஆகாது. பதினொரு துண்டுகளையும் அவள் கையில் கொடுத்து நிறம் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். ஜன்னலருகே கொண்டுபோய் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, ஹனி என்று எழுதியிருந்ததை எடுத்தாள். அந்த வீட்டில் ஒரு தளத்தின் நிறத்தை அவள் தேர்ந்தெடுத்தது அதுவே முதல்முறை. விடியலில் கால் ஊன்றும்போது குளிரவில்லை என்று சொன்னாள். அந்தப் பலகையில் மரம் ஒரு துளியும் இல்லை என்பதை அவளிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. தெரிந்தாலும் அவள் கவலைப்படப் போவதில்லை.

ஆனால் பூட்டிய அன்று மாலை விளக்கைப் போட்டதும் அந்தத் தேன் நிறம் காணாமல் போயிற்று. தளம் சாம்பல் பூத்தாற்போல் நின்றது. குறை பலகையில் இல்லை, விளக்கில். பழைய குண்டு பல்பின் ஒளி 2700 கெல்வின்; மஞ்சளும் சிவப்பும் நிறைந்தது; மரத்தில் இருக்கும் செம்மையை அது தூக்கிக் காட்டும். அதற்கு முந்தைய சிம்னி விளக்கின் ஒளி இன்னும் சிவந்தது. இப்போது வீடெங்கும் இருக்கும் எல்.இ.டி. குழல் 6500 கெல்வின், நீலம் கூடியது. எங்கள் மச்சைப் பற்றி எனக்குள்ள நினைவு முழுக்க 40 வாட் பல்பின் அடியில் பார்த்த நினைவு என்பது அப்போதுதான் உறைத்தது. மறுநாள் அம்மாவின் அறைக்கு 9 வாட்டில் மஞ்சள் ஒளி தரும் எல்.இ.டி. வாங்கிப் போட்டேன். தேன் திரும்பி வந்தது. தளத்துக்கு நிறம் தேடுபவர்களுக்கு நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி இது: துண்டைக் கடை வெளிச்சத்தில் பார்த்து முடிவெடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, காலையிலும் விளக்கு வைத்த பிறகும் தரையில் போட்டுப் பாருங்கள்.

மச்சு மிஞ்சியது. கூரை ஒழுகிய மேற்கு மூலையில் 46-இல் 11 பலகைகள் நைந்துவிட்டன. பிரித்துப் பார்க்க வந்த ஆசாரி இளைஞர். தாத்தாவின் ஆசாரிக்குக் கொள்ளுப்பேரன் முறை. ஒரு நல்ல பலகையை நெம்பி எடுத்துப் புரட்டினார். "பாத்தியளா அக்கா, அடிப்பக்கம் இப்பவும் மஞ்சளாக்கும்" என்றார். வெயில் படாத முகம் செம்புக்குப் போகாமல் பழைய தேனிலேயே நின்றிருந்தது. ஓரத்தில் ஈர்வாளின் பற்கள் சாய்வாக விட்டுப்போன கோடுகள். அவற்றின்மேல் விரலை ஓட்டியவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

மூன்று வழி சொன்னார். நைந்ததை எடுத்துவிட்டு முழுவதற்கும் புதுத்தளம் போடலாம். அல்லது எல்லாப் பலகையையும் மெஷினில் இரண்டு மில்லிமீட்டர் சீவி, பாலியூரித்தேன் பூச்சு அடித்துவிட்டால் புதிது போலாகும். ஒன்றேகால் அங்குலத்தில் இரண்டு மில்லிமீட்டர் போவது தெரியாது, இன்னும் சில முறை சீவலாம். இல்லையென்றால் 11 பலகையை மட்டும் புதுப் பிலாவில் மாற்றி, மற்றதைத் துடைத்து எண்ணெய் போட்டு விட்டுவிடலாம். மூன்றாவதைச் செய்தோம். புது மரம் கிடைத்தது நாலு வீடு தள்ளி, மழைக்குச் சாய்ந்த ஒரு பிலாவிலிருந்து. 30 சென்டிமீட்டர் அகலத்துக்கு அது வரவில்லை, 20-தான் வந்தது. சூளையில் உலர்த்தி, இழைத்துக் கொண்டுவந்து பூட்டியபோது செம்பு நிறத் தளத்தின் மேற்கு மூலை எலுமிச்சை மஞ்சளாக எரிந்தது. பாலிஷ்காரர் சாயம் கலந்து அன்று மாலைக்குள் எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கித் தருவதாகச் சொன்னார். அருமையாகவே செய்திருப்பார். வேண்டாம் என்றேன். 1938-இல் ஆச்சி பார்த்த மஞ்சளை நான் பார்த்ததில்லை, இப்போதுதான் பார்த்தேன்.

அம்மாவைக் கைத்தாங்கலாக மேலே அழைத்துவந்து காட்டினேன். மஞ்சளைப் பார்த்து, இது எப்போது மற்றதோடு சேரும் என்று ஆசாரியைக் கேட்டாள். "வெயில் நல்லா அடிச்சா அஞ்சாறு வருஷத்துல பாதி வழி வந்திரும் அம்மா" என்றார் அவர்.

அவள் கல்யாணத்துக்கு வந்த பெட்டி கிழக்குச் சுவரோரம் 60 ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் இருந்தது. வேலைக்காக அதை நகர்த்தியபோது அடியில் பெட்டியின் அளவுக்கு ஒரு நீள்சதுரம், சுற்றியிருந்த செம்பைவிட மங்கலான தேன் நிறத்தில் கிடந்தது. 1962-இல் தளம் இருந்த நிறம். வேலை முடிந்ததும் பெட்டியைப் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னாள் அம்மா. ஆசாரியும் நானும் தூக்கினோம். ஒரு முழம் தள்ளி இறக்கினேன். காலை வெயில் ஜன்னல் வழியே வந்து அந்த நீள்சதுரத்தின் பாதியைத் தொட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.